கலிஃபோர்னியா ஆஸ்டியோபதி மருத்துவ வாரியம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் டி.ஓ. எனும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கு உரிமம் வழங்குவதும், அவர்கள்மீது வரும் புகார்களை விசாரிப்பதும், தேவைப்பட்டால் உரிமத்தைப் பறிப்பதும் இந்த அரசு வாரியத்தின் வேலை. தலைமையகம் சேக்ரமென்டோ. எம்.டி. பட்டம் பெற்றவர்களைக் கவனிக்க அதே மாநிலத்தில் வேறொரு வாரியம் இருக்கிறது. நம் ஊரில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேற்பட்ட படிப்பு. அமெரிக்காவில் அது மருத்துவரின் அடிப்படைப் பட்டம். டி.ஓ.வும் அதற்கு இணையானதே. அறுவை சிகிச்சை, மருந்துச் சீட்டு, மகப்பேறு என இருவருக்கும் ஒரே அதிகாரம்தான். அப்படியிருக்க இரண்டு வாரியங்கள் எதற்கு என்ற கேள்விக்கு விடை மருத்துவத்தில் இல்லை, அரசியல் வரலாற்றில்தான் இருக்கிறது.

ஆஸ்டியோபதியைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தவர். அந்தக் காலத்து மருந்துகள் குணப்படுத்தியதைவிடக் கெடுத்ததே அதிகம் என்று முடிவுகட்டி, எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்யும் முறையை 1874 முதல் பரப்பினார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் கல்லூரி தொடங்கினார். மருத்துவத் தொழிலுக்கு உரிமம் கோரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889இல் டென்ட் வழக்கில் தீர்ப்பளித்திருந்ததால், புதிய மருத்துவ முறை எதுவானாலும் ஒவ்வொரு மாநிலமாகப் போய்த்தான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. ஆஸ்டியோபதிக்கு முதலில் கதவைத் திறந்தது வெர்மான்ட், 1896இல்.

கலிஃபோர்னியாவில் 1901ஆம் ஆண்டுச் சட்டம் ஆஸ்டியோபதிக்கு இடம் தந்தது. 1907இல் பல மருத்துவ முறைகளையும் ஒரே வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். கூட்டுக் குடும்பம் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. வாரியத்தில் பெரும்பான்மை எம்.டி.க்கள் கையில் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் படித்தவர்களைத் தேர்வுக்கு அனுமதிப்பதிலேயே தகராறு மூண்டது. டி.ஓ.க்கள் நேரே வாக்காளர்களிடம் போனார்கள். குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தை வாக்குச்சீட்டில் ஏற்றிவிடலாம் என்பது அந்த மாநிலத்து வழக்கம். 1922 நவம்பர் தேர்தலில் 20ஆம் எண் முன்மொழிவாக வந்த ஆஸ்டியோபதிச் சட்டம் வென்றது. முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக்காரர்களும் அதே நாளில், அதே வழியில் தங்களுக்கென்று ஒரு வாரியத்தைப் பெற்றார்கள்.

இந்தப் பிறப்பு முறை வாரியத்துக்கு ஒரு கவசம். மக்கள் வாக்களித்து இயற்றிய சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் கொடுத்தாலன்றி, மறுபடி மக்களிடம் போகாமல் சட்டமன்றம் திருத்த முடியாது. ஆளுநர் நியமித்த ஐந்து பேரும் டி.ஓ.க்கள், செலவுக்கு உரிமக் கட்டணம். சுருங்கச் சொன்னால், தொழில் தன்னைத் தானே ஆண்டுகொண்டது. வாரியத்தின் நிழலில் தொழிலும் வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில் 1928இல் ஆஸ்டியோபதிக்குத் தனிப் பிரிவே திறக்கப்பட்டது.

கவசத்தைக் கழற்றியவர்கள் எதிரிகள் அல்லர், கலிஃபோர்னியா டி.ஓ.க்களில் பெரும்பாலோரே. 1961இல் மாநில ஆஸ்டியோபதிச் சங்கம், எம்.டி.க்களின் சங்கத்தோடு இணைய ஒப்பந்தம் போட்டது. ஆஸ்டியோபதிக் கல்லூரி, கலிஃபோர்னியா மருத்துவக் கல்லூரியாக மாறி எம்.டி. பட்டம் தரத் தொடங்கியது. (பின்னாளில் அது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் மருத்துவக் கல்லூரியானது.) ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. ஆகலாம் என்றார்கள். 1962இல் ஏறத்தாழ 2,000 பேர் அப்படி மாறினார்கள். மறுபடி படிக்கவும் இல்லை, தேர்வு எழுதவும் இல்லை. வெள்ளிக்கிழமை வரை தாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட படிப்பு திங்கட்கிழமை சமமாகிவிட்டது என்றால், இடையில் மாறியது மருத்துவ அறிவு அல்ல என்பது வெளிப்படை.

அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் 22ஆம் எண் முன்மொழிவை ஏற்றார்கள். வாரியத்தின் வரலாற்றில் மிக விசித்திரமான சட்டம் இதுதான். இனிப் புதிய டி.ஓ. உரிமம் கிடையாது. எம்.டி. பட்டத்தை மறுத்துப் பழைய பட்டத்தோடு நின்றுவிட்ட சில நூறு பேரை மேற்பார்க்க மட்டும் வாரியம் இருக்கும். அவர்கள் ஓய்வு பெற்றும் இறந்தும் எண்ணிக்கை 40 ஆகவோ அதற்குக் கீழாகவோ வந்தால், சட்டமன்றம் சட்டத்தையே நீக்கிப் பணிகளை எம்.டி. வாரியத்திடம் ஒப்படைக்கலாம். ஓர் அரசு அமைப்பின் சாவுக்குத் தலைகளை எண்ணி நாள் குறித்த சட்டம் வேறெங்கும் எளிதில் அகப்படாது. சட்டத்தைத் திருத்தும் அதிகாரமும் அப்போதே சட்டமன்றத்துக்குக் கைமாறியது.

எண்ணிக்கை 40ஐத் தொடவில்லை. வெளிமாநிலங்களில் படித்த டி.ஓ.க்கள் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். 1974இல் டமிக்கோ வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், புதிய உரிமங்களுக்கு விதித்த தடை சமச் சட்டப் பாதுகாப்புக்கு முரணானது என்று அதைத் தள்ளியது. இரண்டு படிப்புக்கும் தரத்தில் வேறுபாடு இல்லை என்பதை எதிர்த்தரப்பாலேயே மறுக்க முடியவில்லை. வாரியம் மீண்டும் உரிமம் வழங்கத் தொடங்கியது. மாநிலத்தில் ஆஸ்டியோபதிக் கல்லூரி ஒன்றுகூட மிஞ்சாத நிலையில், 1977இல் பொமோனா நகரில் புதிதாக ஒன்று நிறுவப்பட்டது.

இரண்டாம் பிறப்பில் வாரியம் பழைய வாரியமாக இல்லை. 1980களின் தொடக்கத்தில் மருத்துவர் அல்லாத பொதுமக்கள் பிரதிநிதிகள் உள்ளே வந்தார்கள். 1991இல் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. 2002இல் மாநில நுகர்வோர் நலத் துறையின் குடையின் கீழ்ச் சேர்ந்தது. 2009இல் நிதி நெருக்கடியின்போது இயற்கை மருத்துவர்களுக்கான குழுவையும் இதோடு ஒட்டவைத்தார்கள். அந்தக் குழு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அடுத்த ஆண்டே சட்டம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

இன்று வாரியத்தில் ஒன்பது இருக்கைகள். ஐந்து டி.ஓ.க்களையும், பொதுமக்கள் பிரதிநிதிகளில் இருவரையும் ஆளுநர் நியமிக்கிறார். (நம் ஆளுநரைப் போல் மத்திய அரசு அனுப்பியவர் அல்லர்; தேர்தலில் வென்று ஆட்சி நடத்துபவர்.) மீதி இரு பிரதிநிதிகளில் ஒருவரை மேலவையின் விதிகள் குழுவும் மற்றவரைப் பேரவைத் தலைவரும் நியமிக்கிறார்கள். பொதுமக்கள் பிரதிநிதி வேறு எந்த மருத்துவத் தொழில் உரிமமும் வைத்திருக்கக் கூடாது. செவிலியர்கூட அந்த நாற்காலியில் உட்கார முடியாது. ஆனாலும் ஐந்துக்கு நான்கு என்று பெரும்பான்மை தொழிலிடமே இருக்கிறது. அன்றாட நிர்வாகத்தை வாரியம் நியமிக்கும் செயல் இயக்குநர் கவனிக்கிறார்.

கூட்டங்கள் 1967ஆம் ஆண்டுத் திறந்த கூட்டச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. நிகழ்ச்சி நிரலைப் பத்து நாள் முன்பே வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம். பெயர் எழுதிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நிரலில் இல்லாத விஷயத்தைக் காதால் கேட்கலாம், அதில் முடிவெடுக்க முடியாது. தண்டனை பற்றிய ஆலோசனை போன்ற சில மட்டும் மூடிய அறையில் நடக்கும்.

தண்டனை முறையில்தான் அதிகாரப் பகிர்வு நன்றாகத் தெரியும். நோயாளியிடமிருந்தோ, மருத்துவரின் அனுமதியை ரத்து செய்த மருத்துவமனையிடமிருந்தோ தகவல் வருகிறது. மருத்துவமனை 15 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். விசாரணை முடிந்து முகாந்திரம் இருந்தால், மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் குற்றச்சாட்டைத் தயாரிக்கிறது. வழக்கைக் கேட்பது வாரியம் அல்ல, தனி அலுவலகத்தைச் சேர்ந்த நிர்வாகச் சட்ட நீதிபதி. உரிமத்தைப் பறிக்க, தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் வேண்டும் என்பது 1982 முதல் நிலைபெற்ற விதி. நீதிபதி தருவது முன்மொழிவு மட்டுமே. வாரியம் அதை ஏற்கலாம், தண்டனையைக் குறைத்து ஏற்கலாம், ஏற்க மறுத்து ஆவணங்களைப் படித்துத் தானே முடிவெடுக்கலாம். 100 நாளுக்குள் எதுவும் செய்யாவிட்டால் முன்மொழிவே தீர்ப்பாகிவிடும். மருத்துவர் அதற்கு மேல் நீதிமன்றம் போகலாம்.

பொதுமக்களின் பாதுகாப்பே வாரியத்தின் முதற்கடமை, வேறு எந்த நலனோடும் மோதினால் அதுவே வெல்லும் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. 1922இல் தொழிலின் காப்புக்காகக் கட்டிய கோட்டைக்கு இது தலைகீழ் மாற்றம். இதை உறுதிசெய்ய நியமன விதி மட்டும் போதுமா என்ற ஐயம் 2015இல் வலுத்தது. வட கரோலினா பல் மருத்துவ வாரியம், பல் வெண்மையாக்கும் கடைகளை விரட்டிய வழக்கில், தொழில் செய்பவர்களே பெரும்பான்மையாக இருக்கும் வாரியத்தை அரசு முனைந்து மேற்பார்க்காவிட்டால் போட்டித் தடுப்புச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்குக் கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்றிருக்கும் வாரியம் எதற்கும் இது பொருந்தும்.

மாநிலத்தின் மற்ற உரிம வாரியங்கள் பலவற்றுக்குச் சட்டத்தில் காலாவதித் தேதி உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சட்டமன்றக் குழுக்கள் ஆராய்ந்து நீட்டித்தால்தான் வாழ்வு. மக்கள் வாக்கில் பிறந்த இந்த வாரியத்தின் சட்டத்தைச் சட்டமன்றம் திருத்தலாமே தவிர நினைத்தபடி நீக்கிவிட முடியாது; அப்படித் தேதி போட வழியில்லாததால், சட்டம் ஒரு சுற்றுவழி கண்டது: இன்ன தேதியில் நீக்கப்பட இருப்பதுபோலவே பாவித்து இதையும் ஆராய வேண்டும் என்கிறது அது.