அறியாமை யாருக்கு உரியது?

சங்கரர் பிரம்மசூத்திர உரையைத் தொடங்கும் இடம் கருதத்தக்கது. அத்தியாசம் எனப்படும் ஏற்றுதலை விளக்கிய பின்னரே அவர் முதற் சூத்திரத்துக்கு வருகிறார். ஒருவன் தன்னைப் பருத்தவன் என்கிறான், குருடன் என்கிறான். உடலின் தன்மையையும் பொறியின் குறையையும் அறிவேயான ஆன்மாவின்மீது ஏற்றும் இப்பிழையே தனியுயிர் என்னும் தோற்றத்துக்கு அடிப்படை என்பது அவர் கொள்கை. அவருக்கு முன்பே கௌடபாதர் மாண்டூக்கிய காரிகையில் குடத்து வெளியை உவமையாக்கினார். குடம் உடைந்ததும் அதனுள்ளிருந்த வெளி பெருவெளியே ஆவதுபோல், உயிரும் ஆன்மாவே என்றார்.

இதனை, ‘எல்லாம் பொய்’ என்னும் கொள்கையாகச் சுருக்கிப் பேசுவோர் நம்மவரிடையே உண்டு. அது நடுநிலை அன்று. பிரம்ம ஞானம் தோன்றும்வரை உலகும் நூலும் ஒழுக்கமும் வழக்குநிலையில் செல்லும் என்பதைச் சங்கரர் மறுக்கவில்லை.

எனினும் ஒரு வினா எஞ்சிற்று. தனியுயிர் அறியாமையால் வந்ததெனின், அவ்வறியாமை யாருக்கு உரியது? உயிருக்கு எனின், உயிரே அதன் விளைவாயிற்றே. பிரம்மத்துக்கு எனின், அது தூய அறிவாயிற்றே! பாமதி இயற்றிய வாசஸ்பதி மிசிரர் அது உயிரையே சாரும் என்றார். விதையும் முளையும்போல் இரண்டும் தொடக்கமற்றவை என்று அமைதி கூறினார். பிரகாசாத்மரின் விவரண மரபோ பிரம்மத்தையே சார்பிடமாகக் கொண்டது. உயிர் ஒன்றா பலவா என்பதிலும் அவர்களுக்குள் கருத்து வேறுபட்டது. 16ஆம் நூற்றாண்டில் அடையபலம் அப்பைய தீட்சிதர் இப்பிணக்குகளைச் சித்தாந்தலேச சங்கிரகத்தில் மறையாது தொகுத்துவைத்தார். மாற்றுச் சமயத்தாராயினும் அந்நேர்மை போற்றற்குரியது.

சங்கரருக்கு முற்பட்ட நம் சமந்தபத்திரர், ஆப்த மீமாம்சையில் ஒருமைவாதத்தை வேறொரு முனையில் தாக்கினார். உள்ளது ஒன்றே எனின் செய்பவனும் செயலும், நல்வினையும் தீவினையும், கட்டும் வீடும் வேறுவேறாக நில்லா. ஏதுக் காட்டி ஒருமையை நிறுவினால், ஏதுவும் நிறுவப்படுவதும் இரண்டாகிவிடும். ஏதுவின்றி வெறுஞ்சொல்லால் நிறுவினால், இருமையையும் அவ்வாறே நிறுவலாம்.

பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்தரின் சமயசாரத்தை 1950இல் ஆங்கில உரையுடன் வெளியிட்ட பேராசிரியர் அ. சக்கரவர்த்தி, அதன் நிச்சய, வியவகார நயங்களைச் சங்கரரின் இருநிலைகளோடு ஒப்பிட்டார். ஒப்பீடு பொருத்தமானதே, உடலை ‘நான்’ எனல் பிழை என்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. பிழை நீங்கியபின் எஞ்சுவது எது என்னுமிடத்தில்தான் வழி பிரிகிறது. சங்கரருக்கு அது இரண்டற்ற பிரம்மம். குந்தகுந்தருக்கோ, வினை நீங்கித் தன்னியல்பில் நிற்கும் அவ்வுயிரே. சித்த நிலையிலும் உயிர்கள் பலவே.