‘கெட்டோ’: வார்ப்புப் பட்டறை தந்த பெயர்

ஒரு சமூகத்தார் அனைவரையும் நகரின் ஒரு பகுதிக்குள் ஒதுக்கி, மதிலும் காவலும் இட்டு அடைத்துவைக்கும் குடியிருப்பைக் குறிக்கும் ‘கெட்டோ’ என்னும் சொல், முதலில் வெனிஸ் நகரின் வடபகுதியில் செம்பை உருக்கி வார்த்த பட்டறையால் அமைந்த வெறும் இடப்பெயரே ஆகும். 1509ஆம் ஆண்டுப் போரில் வெனிஸின் நிலப்பகுதி ஊர்களை எதிரிப்படைகள் கைப்பற்றியபோது அங்கிருந்து தப்பி நகருக்குள் வந்த யூதர்களை, 1516 மார்ச் 29 அன்று செனட் அவை பிறப்பித்த ஆணை, கால்வாய் சூழ்ந்த ‘கெட்டோ நுவோவோ’, அதாவது புதிய வார்ப்பிடம், என்னும் தீவில் குடியேறப் பணித்தது. அங்கு முன்பு குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். வாடகையோ மூன்றில் ஒரு பங்கு உயர்த்தப்பட்டது. புனித மாற்கு சதுக்கத்து மணி விடியற்காலையில் ஒலித்ததும் வாயிற்கதவுகள் திறக்கும். இரவில் அவை பூட்டப்பட்டபின், நோயாளிகளைக் காணச் செல்லும் மருத்துவர் போன்ற சிலரைத் தவிர எவரும் வெளியே நடமாட இயலாது. வாயிற்காவலருக்கும் கால்வாயில் சுற்றிவரும் காவற்படகுகளுக்கும் ஆகும் செலவு அடைபட்டவர்கள் தலையிலேயே சுமத்தப்பட்டது இவ்வாணையின் கொடுமையான கூறு.

மணவிலக்குச் சீட்டைக் குறிக்கும் ‘கெட்’ என்னும் எபிரேயச் சொல்லிலிருந்தும், சிற்றூரைக் குறிக்கும் ‘போர்கெட்டோ’ என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்தும் இப்பெயர் பிறந்ததாகக் கூறுவோர் உண்டு. ஆயினும் 1541இல் துருக்கியப் பேரரசிலிருந்து வந்த யூத வணிகருக்காகப் பின்னர் சேர்க்கப்பட்ட பகுதி ‘கெட்டோ வெக்கியோ’, அதாவது பழைய வார்ப்பிடம், என்றே வழங்கியதை நோக்கினால், முதலில் குடியேறிய இடம் ‘புதியது’ என்றும் பின்னர்க் குடியேறியது ‘பழையது’ என்றும் பெயர் பெற்ற முரண்பாட்டைப் பட்டறையின் வரலாறு ஒன்றே தெளிவாக விளக்குகிறது. வார்த்தலைக் குறிக்கும் ‘ஜெட்டோ’, ஜெர்மன் நாட்டு யூதர்களின் நாவில் ‘கெட்டோ’ எனத் திரிந்திருக்கலாம் என்பர்.

ஒதுக்கி அடைக்கும் வழக்கம் வெனிஸில் தோன்றியதன்று. பிராங்க்பர்ட் நகரம் 1462இலேயே தன் யூதர்களைத் தனித்தெருவில் அடைத்திருந்தது. ஆனால் 1555இல் போப் நான்காம் பவுல் ரோமில் யூதர்களை மதிலுக்குள் அடைத்தபின், வெனிஸின் இடப்பெயர் சில ஆண்டுகளிலேயே அங்கும் பரவிப் பொதுப்பெயராயிற்று. 1797இல் பிரெஞ்சுப் படை நுழைந்தபின் வெனிஸின் கதவுகள் உடைத்து எரிக்கப்பட்டன. ரோமிலோ அக்கட்டுப்பாடு 1870 வரை நீடித்தது.

1940 நவம்பரில் நாஜிகள் வார்சா நகரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை அடைத்த இடமும் இதே பெயரைப் பெற்றது. எனினும் வெனிஸில் பகலில் வெளியே சென்று வாணிகம் செய்யவும் உள்ளே தொழுகைக் கூடம் கட்டவும் இடமிருந்தது. வார்சாவிலோ பசியாலும் நோயாலும் பல்லாயிரவர் மாண்டனர், எஞ்சியோரில் பெரும்பாலோர் 1942இல் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர்.