விலைபேச இடம்தராத பேராயர்

மன்னர் எத்தெல்ரெட் இங்கிலாந்தை ஆண்ட கதையைக் கணக்கேடு ஒன்றைப் புரட்டியே தெரிந்துகொள்ளலாம். 991இல் மால்டன் போரில் தோற்றபின் வைக்கிங் படைக்கு 10,000 பவுண்ட், 994இல் 16,000, 1002இல் 24,000, 1012இல் 48,000. வாங்கிப் பழகியவன் மறுபடியும் வந்தான். முதல் தொகையைக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் கேன்டர்பரிப் பேராயர் சிகெரிக். அதே பீடத்தில் பின்னர் அமர்ந்த ஆல்ஃபெஜ், தம் தலைக்கு ஒரு காசுகூடக் கொடுக்கக் கூடாது என்று தடுத்து உயிரை விட்டார்.

டீர்ஹர்ஸ்ட் மடத்தில் துறவு பூண்டு, பாத் நகரில் மடாதிபதியாக இருந்தவர் அவர். 984இல் வின்செஸ்டர் ஆயரானபோது வயது முப்பதை ஒட்டி இருக்கலாம். அங்கே அவர் காலத்தில் அமைந்த பெரிய ஆர்கன் வாத்தியத்தின் ஓசை ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்டதாகவும், அதை இயக்க இருபத்துநான்கு பேருக்கு மேல் தேவைப்பட்டதாகவும் சொல்வார்கள். உடலை ஒறுத்த துறவிக்கு இத்தனை ஆரவாரமான வாத்தியம்!

வைக்கிங்குகள் அவருக்குப் புதியவர்கள் அல்லர். 994இல் நார்வே நாட்டு ஓலாஃப் டிரிக்வசன் படையோடு சவுத்தாம்டனில் தங்கியிருந்தபோது, மன்னரின் தூதராகப் போனவர் இவர்தான். பிரபு எத்தெல்வேர்டும் உடன் சென்றார். ஓலாஃபை ஆன்டோவருக்கு அழைத்துவந்து உறுதிப்பூசுதல் செய்வித்தார்கள். இனிப் பகைவனாக இங்கிலாந்துக்கு வரமாட்டேன் என்று ஓலாஃப் வாக்குக் கொடுத்தான். அதைக் காப்பாற்றவும் செய்தான். அந்த ஆண்டின் வெள்ளியும் அவனுக்குத்தான் போயிற்று. ஆனாலும் அவனைத் திரும்பி வராமல் நிறுத்தியதில் வெள்ளியைவிட அந்தச் சடங்குக்குப் பங்கு அதிகம் என்று எனக்குப் படுகிறது.

1006இல் ஆல்ஃபெஜ் பேராயரானார். 1009இல் நெடியவன் தோர்க்கெலின் படை கரையேறியபோது கிழக்குக் கென்ட் மக்கள் 3,000 பவுண்ட் கொடுத்துத் தப்பினார்கள். 1011 செப்டம்பரில் அதே படை கேன்டர்பரியைச் சூழ்ந்தது. கதவு உள்ளிருந்தே திறந்தது. முன்பு பேராயரால் உயிர் பிழைத்த எல்ஃப்மார் என்பவனே காட்டிக்கொடுத்தான் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பேடு கசப்போடு எழுதுகிறது. ரோச்செஸ்டர் ஆயர் காட்வின், மடத்தலைவி லியோஃப்ரூன் ஆகியோரோடு ஆல்ஃபெஜும் சிறைப்பட்டார். ஏழு மாதம் படையோடு இழுபட்டார்.

1012 ஏப்ரலில் 48,000 பவுண்டும் வந்து சேர்ந்தது. பேராயரை விடுவிக்கத் தனித்தொகை கேட்டார்கள். அதைக் கொடுக்கக் கூடாது என்று அவர் தடுத்தார். ஏப்ரல் 19, சனிக்கிழமை இரவு, கிரீன்விச். தெற்கிலிருந்து வந்த திராட்சை மதுவில் வெறியேறியவர்கள் அவரைத் தங்கள் கூட்டத்தின் நடுவே இழுத்துவந்து, தின்று போட்ட எலும்புகளாலும் மாட்டுத் தலைகளாலும் எறிந்தார்கள். ஒருவன் கோடரியின் பின்புறத்தால் மண்டையில் அடித்தான். அடித்தவன் த்ரம் என்பவன், முந்தின நாள்தான் பேராயர் கையால் உறுதிப்பூசுதல் பெற்றவன், இரக்கத்தால்தான் அடித்தான் என்று பிற்கால ஏடு ஒன்று சொல்கிறது.

அக்காலத்திலேயே வாழ்ந்த ஜெர்மானிய ஆயர் தீட்மார், பேராயர் முதலில் பணம் தர ஒப்பி, பிறகு தம்மிடம் இல்லை என்று கைவிரித்ததாக எழுதினார். பேராயரின் பெயரையே டன்ஸ்டன் என்று மாற்றி எழுதியவர் அவர்! ஆனாலும் அந்தச் செய்தியைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. சித்திரவதையில் ஒப்புக்கொண்டு, பின்னர் யாரிடமிருந்து வசூலிப்பது என்று யோசித்து மறுத்த மனிதர், பிறவியிலேயே கல்நெஞ்சராய் நின்றவரைவிடப் பெரியவர். ஏற்கெனவே உறிஞ்சப்பட்ட கென்ட் குடியானவர்கள்தானே அந்தப் பணத்தையும் கட்டியாக வேண்டும்? தோர்க்கெல் தன் கப்பலைத் தவிர எல்லாவற்றையும் தருவதாகச் சொல்லித் தடுக்கப் பார்த்தான் என்பதும் தீட்மார் தரும் செய்தியே. அதே ஆண்டில் தோர்க்கெல் 45 கப்பல்களோடு எத்தெல்ரெட் பக்கம் சேர்ந்தான். 1023இல் டேனிய மன்னன் கனூட், லண்டன் புனித பவுல் ஆலயத்தில் கிடந்த ஆல்ஃபெஜின் உடலைச் சிறப்போடு கேன்டர்பரிக்கு அனுப்பினான்.

நார்மன் வெற்றிக்குப்பின் வந்த பேராயர் லேன்ஃபிராங்குக்கு ஓர் ஐயம்: கிறிஸ்துவை மறுக்கச் சொல்லி யாரும் இவரைக் கொல்லவில்லை, பணத்தகராறில் இறந்தவர் எப்படி மறைசாட்சி ஆவார்? நியாயமான கேள்விதான். அப்போது அவரைக் காண வந்திருந்த துறவி ஆன்செல்ம் விடை சொன்னார்: தம் மக்களைக் கொள்ளையடித்து உயிர்வாழ மறுத்தவர் நீதிக்காக இறந்தார், திருமுழுக்கு யோவானும் அப்படித்தான் இறந்தார். லேன்ஃபிராங்க் ஏற்றுக்கொண்டார், ஆல்ஃபெஜின் வரலாற்றை எழுதும்படி ஆஸ்பர்ன் என்ற துறவியைப் பணித்தார்.