கஷாயத்தில் சேர்ந்த தேயிலை

சளி பிடித்தவருக்கு இஞ்சி, மிளகு, ஏலம் தட்டிப் போட்டுக் காய்ச்சித் தரும் பால் தேநீர், அசாமில் தேயிலைத் தோட்டங்கள் பெருகிய பின் தோன்றிய பழக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இன்றைய வடிவத்துக்கு அது பொருந்தும் என்றாலும், தேயிலையை மசாலாவோடு கொதிக்கவைத்து மருந்தாகக் குடிக்கும் வழக்கம் அத்தோட்டங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மூத்தது.

1689-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுச் சூரத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் பாதிரியார் ஜான் ஓவிங்டன், 1696-இல் வெளியான தம் பயண நூலில், அந்நகரத்துப் பனியா வணிகர்கள் தேநீர் அருந்தியதைக் குறிப்பிடுவதோடு, காரமான மசாலாப் பொருள் சேர்த்துக் கொதிக்கவைத்த தேநீர் தலைவலி, கல்லடைப்பு, வயிற்றுக் கடுப்பு ஆகியவற்றைத் தணிக்கும் என்று பெயர்பெற்றிருந்ததையும் பதிவு செய்கிறார். சீனாவிலிருந்து கடல்வழி வந்த இலையைச் சூரத் மக்கள் இவ்வாறு ஏற்றதில் வியப்பில்லை. மூலிகையை நீரிலிட்டு, நீர் சுண்டும்வரை காய்ச்சி எடுக்கும் கஷாயம் அவர்களுக்குப் பழகியது; சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தைக் கபத்துக்கு, அதாவது நெஞ்சிலும் தொண்டையிலும் கட்டும் கோழைக்கு, ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் நெடுங்காலமாக விதித்து வந்துள்ளன. புதிய இலை அந்தப் பழைய பாத்திரத்துக்குள் மற்றொரு மூலிகையாகவே நுழைந்தது.

அசாம் தேயிலை 1839-இல் லண்டனில் முதன்முதலாக ஏலம் போனது. உள்நாட்டிலும் அதை விற்க வேண்டி, 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேயிலை மீது திரட்டிய தீர்வையைக் கொண்டு பெரும் பிரசாரம் நடந்தது. இலையை அளந்து போட்டு, கொதிநீர் ஊற்றி ஊறவைத்து, பாலைப் பிறகு சேர்க்கும் ஆங்கில முறையையே பிரசாரகர்கள் கற்பித்தனர். மசாலா கூடினால் இலையின் செலவு குறையும் என்பதால் அதை அவர்கள் விரும்பவில்லை. மக்களோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டுத் தம் நாவுக்கும் உடம்புக்கும் ஏற்றபடி அருந்தினர். விளம்பரத்தால் பரவிய ஒரு பானத்தை வீட்டு அடுப்படி தன் மருத்துவ அறிவால் திருத்திக்கொண்டது என்பதே இவ்வரலாற்றில் போற்றத்தக்க செய்தி. 1930-களில் அசாமில் தோன்றிய சி.டி.சி. முறை, அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறு மணிகளாக்கும் இயந்திர முறை, பிற்காலத்தில் பரவியபோது, பாலுக்கும் காரத்துக்கும் ஈடுகொடுக்கும் கடுந்தேயிலை மலிவாகக் கிடைத்தது.

சளியை உண்டாக்கும் நச்சுயிரை இத்தேநீர் அழிப்பதில்லை. சூடும் ஆவியும் காரமும் தொண்டைக்கு இதமளித்து மூக்கடைப்பு தளர்ந்த உணர்வைத் தருகின்றன. பச்சை இஞ்சியில் பால்புரதத்தைச் சிதைக்கும் நொதி உள்ளதால், முதலில் இஞ்சியை நீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பால் ஊற்றுகின்றனர். இல்லையெனில் பால் திரிந்துபோகும். குஜராத்தி வீடுகளில் இடித்து வைக்கும் தேநீர்ப் பொடியில் இஞ்சிக்குப் பதில் சுக்கே சேர்கிறது. உலரும்போது இஞ்சியின் காரப்பொருளில் ஒரு பகுதி மேலும் உறைப்பான சேர்மமாக மாறுவதால், தொண்டையில் அதன் காரம் தனித்துத் தெரிகிறது.