அளவுக்கு ஒன்று, எடைக்கு ஒன்று

ரோடு சைக்கிளுக்குப் பெரிய தொகை ஒதுக்குகிறவர் முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவர் உடம்பை அளவெடுத்து எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ஃப்ரேம். அதில் ஷிமானோவின் நடுத்தர ரகமான 105 கியர். மற்றது, ஆலையிலிருந்து சைஸ் வாரியாக வரும் கார்பன் ஃப்ரேம். அதில் அதே நிறுவனத்தின் உச்ச ரகமான டியூரா-ஏஸ்.

தராசில் கார்பன்தான் ஜெயிக்கும். நல்ல கார்பன் ஃப்ரேம் ஒரு கிலோவுக்குள் அடங்கும். எஃகு இரண்டு கிலோவை நெருங்கும். கியரிலும் டியூரா-ஏஸ் ஏறக்குறைய அரை கிலோ குறைவு. ஆக, வித்தியாசம் ஒன்றரை கிலோ. பிரான்சின் ஆல்ப் டூயஸ் மலைப்பாதையில் இதன் பலனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம் 13.8 கி.மீ., ஏற வேண்டிய உயரம் சுமார் 1,100 மீட்டர். ஆளும் சைக்கிளும் தண்ணீருமாக 80 கிலோ, மிதிக்கும் திறன் 220 வாட் என்றால் உச்சியை அடைய ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒன்றரை கிலோ குறைந்தால் மிச்சமாவது ஒன்றேகால் நிமிடம். பந்தய வீரருக்கு அது பெரிது. அங்கேயும் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதி இருக்கிறது. ஞாயிறு காலையில் நூறு கி.மீ. ஓட்டுகிறவர் அதற்காக லட்சங்களைக் கொட்ட வேண்டியதில்லை.

சமதளத்தில் எடை இன்னும் அற்பம். அங்கே எதிராளி காற்று; அதை அதிகம் தடுப்பது ஓட்டுகிறவரின் உடம்பு. குனிந்த நிலையில் மூன்று மணி நேரம் வலியில்லாமல் உட்கார முடிகிறதா என்பதுதான் வேகத்தை முடிவு செய்கிறது. அளவெடுத்த ஃப்ரேமுக்கு மதிப்பு இங்கேதான்.

ஐந்தடிக்குச் சற்றே கூடிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைகள் சின்ன சைஸில் ஃப்ரேமைச் சுருக்கினாலும் சக்கரத்தைப் பெரும்பாலும் அதே 700சி அளவில் விட்டுவிடுகின்றன. மெதுவாக வளைந்து திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். இதைத் தவிர்க்க முன்குழாயைச் சாய்த்தால் ஹேண்டில்பார் மந்தமாகத் திரும்பும். கையால் ஃப்ரேம் செய்பவர் சற்றுச் சிறிய 650பி சக்கரத்தைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றியே கோணங்களை அமைத்துவிடுவார். கால் நீண்டு உடல் குட்டையானவர்களுக்கும் இதே நன்மை உண்டு. ரெடிமேட் ஃப்ரேமில் அவர்கள் ஹேண்டில்பாரை உயர்த்தும் ஸ்பேசர் வளையங்களை அடுக்கி, அதைத் தாங்கும் ஸ்டெம்மைக் குறுக்கி, கடைசியில் மணிக்கட்டு மரத்துப்போய் வீடு திரும்புகிறார்கள்.

ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. சாதாரண ஸ்டெம், ஒன்றிரண்டு ஸ்பேசரோடு ரெடிமேட் ஃப்ரேமில் சௌகரியமாக உட்கார முடிகிறவருக்கு அளவெடுப்பதால் கிடைக்கப்போவது நிறமும் பெருமையும்தான். பெருமையைக் குறை சொல்லவில்லை. அதன் விலை தெரிந்து வாங்கினால் போதும். பிறகு விற்க நினைத்தால், இன்னொருவர் உடம்புக்குச் செய்த ஃப்ரேமுக்கு ஆள் கிடைப்பது கடினம். விழுந்து அடிபட்டால் எஃகில் நசுங்கிய குழாயை மாற்றிப் பற்றவைக்கலாம்; கார்பனில் உள்விரிசலைத் தேடிப் பார்க்க நிபுணர் வேண்டும்.

எந்த ஃப்ரேமானாலும் கியருக்கு 105-ஐத் தாண்டிப் போகாதீர்கள் என்பதே என் தீர்மானமான கருத்து. 2022-ல் மின்விசை கியர் மாற்றமும் 12 பற்சக்கரங்களும் 105-க்கு வந்துவிட்டன. டியூரா-ஏஸ் கேசட்டின் பெரிய பற்சக்கரங்கள் டைட்டானியம்; இலேசு, ஆனால் எஃகைவிடச் சீக்கிரம் தேயும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 105 கேசட்டைப் போலப் பல மடங்கு விலை. அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். முரட்டு டயருக்கும் நல்ல பந்தய டயருக்கும் இடையே ஜோடிக்குப் பத்து வாட்டுக்கு மேல் மிச்சமாகும்.

முன்பணம் கட்டும் முன் ஃப்ரேம் செய்பவரிடம் வரைபடத்தைக் கேளுங்கள். அதில் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள் இருக்கும்: பெடல் அச்சிலிருந்து முன்குழாயின் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னே என்பவை. ஆலைகள் தங்கள் ஒவ்வொரு சைஸுக்கும் இதே அளவுகளை வெளியிடுகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் என்றால் ரெடிமேடை வாங்குங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் என்றால் ஃப்ரேமுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.