எர்துகுருல் – திரும்பாத பயிற்சிக் கலம்

உதுமானிய மரபின் மூதாதையான எர்துகுருலின் பெயர் தாங்கிய இப்போர்க்கலம் 1863-இல் இஸ்தான்பூலில் நீரில் இறக்கப்பட்டது. மரத்தாலான உடல், 79 மீட்டர் நீளம், மூன்று பாய்மரங்கள். நீராவி எந்திரம் பின்னர் இங்கிலாந்தில் பொருத்தப்பட்டது.

1889 ஜூலையில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது இதனை ஜப்பானுக்கு அனுப்பினார். சக்கரவர்த்திக்குப் பதக்கமும் பரிசுகளும் சேர்ப்பிப்பது ஒரு நோக்கம். கடற்படைக் கல்லூரியில் தேறிய இளைஞர்க்குக் கடற்பழக்கம் அளிப்பது மற்றொன்று. நோக்கம் நன்றே, கலந்தான் பொருத்தமன்று. ஆண்டுக்கணக்கில் கட்டிக்கிடந்த மரக்கலத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை நம் கடலோரத்துப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். மரவேலைகள் செப்பனிடப்பட்டன, எந்திரமும் கொதிகலனும் பழையனவாகவே இருந்தன.

சூயஸ் கால்வாயிலேயே தரைதட்டியது. பம்பாயில் முஸ்லிம்கள் திரள்திரளாக வந்து அதனைக் கண்டனர். கொழும்பு, சிங்கப்பூர் எனத் தங்கித் தங்கி, ஏறத்தாழ பதினொரு திங்களில், 1890 ஜூன் 7-இல் யோக்கோஹாமா சேர்ந்தது. அங்கே காலராவும் பற்றிக்கொண்டது.

சூறாவளிக் காலம் கழியட்டும் என ஜப்பானியர் தடுத்தும் செப்டம்பர் 15-இல் புறப்பட்டனர். மறுநாளிரவு வாக்கயாமா மாநிலத்து ஓஷிமா தீவருகே பாறையில் மோதிக் கலம் சிதறியது. தளபதி உஸ்மான் பாஷா உள்ளிட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தோர் 69 பேரே. தீவின் ஏழை மீனவர்கள் தம் உடையையும் உணவையும் அவர்களுக்கு ஈந்தனர்.

ஹியேய், கொங்கோ என்னும் ஜப்பானியக் கப்பல்கள் அவர்களை 1891 ஜனவரியில் இஸ்தான்பூலில் கொண்டு சேர்த்தன. அவற்றிலும் கடற்படைக் கல்லூரியில் தேறிய இளைஞர் பயிற்சிக்காக வந்திருந்தனர்.