ஐ-லீக் கழகங்களின் சூப்பர் லீக் இணைப்பு

ஐ-லீக் கழகங்களின் சூப்பர் லீக் இணைப்பு என்பது, இந்தியாவின் தேசியக் கால்பந்துத் தொடராக விளங்கிய ஐ-லீகில் ஆடிவந்த கழகங்கள், 2014 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீகில் (சுருக்கமாக ஐஎஸ்எல்) சேர்வதா, தனித்தே நிற்பதா என்று எழுந்த சிக்கலையும் அதன் விளைவுகளையும் குறிக்கும். இதில் பெங்களூரு, கொல்கத்தாக் கழகங்களின் பட்டறிவு பரவலாக அறியப்பட்டது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, ஐ-லீக் வாகையர் பட்டம் வென்றும் சூப்பர் லீகுக்குள் நுழையாத சென்னை சிட்டி எஃப்சியின் கதை இதில் அடங்கும்.

பின்னணி

1996 ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் கால்பந்து லீக், 2007 இல் ஐ-லீக் என்னும் பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. 2010 டிசம்பரில் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐஎம்ஜி-ரிலையன்சு நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் மதிப்பில் ஓர் உரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்த ஒப்பந்தத்தின் வழியே பிறந்ததுதான் ஐஎஸ்எல். இதில் ஆடத் தொடங்கிய எட்டு அணிகளும் புதிதாக உருவாக்கப்பட்டவை. சென்னைக்குச் சென்னையின் எஃப்சி, கொல்கத்தாவுக்கு அத்லெட்டிகோ தெ கொல்கத்தா (பின்னாளில் ஏடிகே) என நகரங்கள் பங்கிடப்பட்டன.

தொடக்கத்தில் ஐஎஸ்எல்லில் வெல்வோர் மேலேறும் முறையும் தோற்போர் கீழிறங்கும் முறையும் இருக்கவில்லை. உரிமைக் கட்டணம் செலுத்துவோர் ஆடலாம் என்பதே அன்றைய நிலை. ஐ-லீகிலோ, பெரும்பாலான கழகங்கள் உள்ளூர் லீகுகளிலிருந்து வளர்ந்தவை. எனவே ஐ-லீக் கழகம் ஒன்றின் முன் நின்ற கேள்வி, ஆட்டத்திறன் பற்றியது அன்று. பணம், பெயர், நகரம் ஆகிய மூன்றையும் பற்றியது.

2017 இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இரு தொடர்களையும் அக்கம்பக்கமாக நடத்த இசைந்தது. அதன்படி ஐ-லீக் வாகையருக்கு ஆசியச் சாம்பியன்சு லீகின் தகுதிச் சுற்றும், ஐஎஸ்எல் வாகையருக்கு ஏஎஃப்சி கோப்பையும் தரப்பட்டன. ஐ-லீகுக்கு எஞ்சியிருந்த பெருமை இதுவே. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஏற்கப்பட்ட செயல்திட்டத்தின்படி ஐஎஸ்எல் முதன்மைத் தொடரானதும் அதுவும் கைமாறியது.

பெங்களூரு எஃப்சி

2013 இல் தொடங்கப்பட்டு, 2013–14, 2015–16 ஆகிய பருவங்களில் ஐ-லீகை வென்ற பெங்களூரு எஃப்சி, 2016 இல் ஏஎஃப்சி கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்ற முதல் இந்தியக் கழகமாகும். 2017 இல் இது ஐஎஸ்எல்லுக்கு மாறியது. முதல் பருவத்தின் இறுதியாட்டத்தில் 2018 மார்ச் 17 அன்று சொந்த மைதானத்திலேயே சென்னையின் எஃப்சியிடம் 3–2 எனத் தோற்றது. அடுத்த ஆண்டே கோப்பையை வென்றது. பின்னால் ஒரு தொழிற்குழுமம் இருந்தது, பெங்களூரில் வேறு ஐஎஸ்எல் அணி இல்லை, நூற்றாண்டு மரபு என்னும் சுமையும் இல்லை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த கழகம் வேறு எதுவும் இல்லை என்பதால், பெங்களூருவை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது அவ்வளவு பொருத்தமன்று.

கொல்கத்தாக் கழகங்கள்

மோகன் பகான் 1889 இலும் ஈஸ்ட் பெங்கால் 1920 இலும் தொடங்கப்பட்டவை. 2017 இல் புதிய அணிகளுக்கு அழைப்பு விடுக்கப்பட்டபோது இரண்டும் சேரவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி ரூபாய்க் கட்டணம் என்று அக்காலச் செய்திகள் கூறின. கொல்கத்தாவில் ஏற்கனவே ஓர் அணி இருப்பதால் வெளியூரில் ஆட நேரிடலாம் என்ற பேச்சும் இருந்தது.

2020 சனவரியில் ஏடிகேயின் உரிமையாளரான ஆர்பிஎஸ்ஜி குழுமம், மோகன் பகானின் கால்பந்து நிறுவனத்தில் 80 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அதே பருவத்தில் மோகன் பகான் ஐ-லீக் வாகையராக அறிவிக்கப்பட்டது. 2020 சூன் 1 முதல் இரு அணிகளும் ஒன்றாகி 'ஏடிகே மோகன் பகான்' ஆயின. பச்சை-மெரூன் சீருடையும் பாய்மரப் படகுச் சின்னமும் காக்கப்பட்டன. ஆயினும் நேற்றுவரை எதிரணியாக இருந்ததன் பெயர் தம் கழகத்தின் பெயருக்கு முன்னால் நிற்பதை ஆதரவாளர்கள் ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகள் எதிர்ப்பு நீடித்தது. 2023 மார்ச்சில் கோப்பையை வென்ற பின்னர் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2023 சூன் 1 முதல் 'மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்' ஆனது. 2024–25 பருவத்தில் லீக் கேடயம், கோப்பை இரண்டையும் இக்கழகம் வென்றது. ஆட்டக் கணக்கில் பார்த்தால் இணைப்பால் மிகுதியாகப் பயனடைந்தது இதுவே.

ஈஸ்ட் பெங்காலின் அனுபவம் நேர்மாறானது. 2020 செப்டம்பரில், ஒரு சிமெண்டு நிறுவனத்தின் முதலீட்டுடன், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் அது அவசரமாகச் சேர்ந்தது. கழகத்தின் உரிமைகளை முதலீட்டாளருக்கு மாற்றித்தரும் இறுதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடக் கழக நிர்வாகம் மறுத்தது. 2021 இல் ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினர். மாநில முதலமைச்சர் தலையிட்ட பின்னரே அடுத்த பருவம் உறுதியானது. அப்பருவத்தில் அணி கடைசி இடத்தைப் பெற்றது. 2022 இல் முதலீட்டாளர் மாறினார். 2024 சனவரியில் சூப்பர் கோப்பையை வென்றதே இணைந்தபின் கிடைத்த முதல் பட்டமாகும். இரு கழகங்களும் ஒரே ஆண்டில் ஒரே தொடரில் சேர்ந்தவை. இடைப்பட்ட வேறுபாடு, சேர்வதற்கு முன் காகிதங்கள் முடிந்திருந்தனவா என்பதுதான்.

சென்னை சிட்டி எஃப்சி

சென்னை சிட்டி 2016–17 பருவத்தில் நிறுவன அணிகளுக்கான நேரடி இடத்தின் வழியே ஐ-லீகில் நுழைந்தது. அப்போது சென்னையில் சென்னையின் எஃப்சி 2015 இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்று நன்கு வேரூன்றியிருந்தது. அடுத்த பருவம் முதல் சென்னை சிட்டி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் களமாக்கிக் கொண்டது. பெயரில் சென்னையும் மைதானத்தில் கோவையுமாக ஆடிய இவ்வணி, சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்றுநர் அக்பர் நவாசின் கீழ் 2018–19 பருவத்தில் 43 புள்ளிகளுடன் ஐ-லீகை வென்றது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என வீழ்த்தி, ஒரே ஒரு புள்ளியில் ஈஸ்ட் பெங்காலை முந்தியது. பெத்ரோ மன்சி அப்பருவத்தில் 21 கோல்களை அடித்தார்.

அதன்பின் நடந்த சூப்பர் கோப்பையை ஐ-லீக் கழகங்கள் சில புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடியது. காலிறுதியில், சில வாரங்களுக்கு முன் ஐஎஸ்எல் கோப்பையை வென்றிருந்த பெங்களூரு எஃப்சியை 2–1 எனத் தோற்கடித்தது. இரு தொடர்களின் தரம் குறித்த வாதத்துக்கு இதைவிடத் தெளிவான விடை களத்தில் கிடைத்ததில்லை. ஆனால் சேர்க்கைக்குக் களத்தின் முடிவு ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

2019 இல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் கழகம் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2020 சனவரியில் ஆசியச் சாம்பியன்சு லீகின் தொடக்கச் சுற்றில் பகுரைனின் அல்-ரிஃபாவிடம் 0–1 எனத் தோற்றது. இதற்கிடையே வீரர்கள் ஒவ்வொருவராக ஐஎஸ்எல்லுக்குச் சென்றனர்: எட்வின் சிட்னி வன்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும், ரொமாரியோ சேசுராசு எஃப்சி கோவாவுக்கும். 2020–21 பருவத்துடன் சென்னை சிட்டியின் ஐ-லீக் வாழ்வு முடிந்தது. ஐ-லீக் வாகையருக்கு ஐஎஸ்எல்லில் கட்டணமின்றி இடம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது 2022–23 பருவத்தில்தான். அவ்விதியால் முதலில் பயனடைந்தது பஞ்சாப் எஃப்சி. அடுத்தது கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். 2020–21, 2021–22 என அடுத்தடுத்து வென்ற கோகுலம் கேரளாவும் இதே போல் காலம் முந்திப்போனதால் இழந்த கழகமே.

வட சென்னையில்

மினி பிரேசில் என்று அழைக்கப்படும் வியாசர்பாடி உள்ளிட்ட வட சென்னைப் பகுதிகளில், துறைமுகம், இரயில்வே, வங்கி முதலிய நிறுவன அணிகளில் இடம்பெறுவதே நெடுங்காலம் ஒரு கால்பந்து வீரரின் உச்ச இலக்காக இருந்தது. கால்பந்து என்பது அங்கே ஒரு அரசு வேலை. ஐஎஸ்எல் வந்தபின் அவ்விலக்கு மாறியது. வியாசர்பாடியின் தன்பால் கணேஷ், சென்னையின் எஃப்சியின் நடுக்களத்தில் ஆடினார். சென்னை சிட்டிக்கு ஆடிய நந்தகுமார் சேகர், பின்னர் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்று, 2023 ஆகத்து 12 அன்று துராந்து கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தார். ஊதியம் உயர்ந்தது உண்மை. எனினும் ஒரு மாநிலத்தில் இரண்டு தேசிய அணிகள் இருந்த காலத்தில் உள்ளூர் இளைஞருக்குக் கிடைத்த இடங்கள், ஒன்று மறைந்தபோது குறைந்தன. இவ்விழப்பு எந்த இணைப்பு ஒப்பந்தத்தின் கணக்கிலும் வராது.

அமெரிக்க ஒப்பீடு

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்திலும் (பெயர் ஒன்றாயினும் அது வேறு விளையாட்டு) இதே கேள்வி உண்டு. அங்குப் பெரும்பாலான அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டணிகளில் அடங்கும். நோட்டர் டேம் பல்கலைக்கழகம் தனித்தே ஆடிவருகிறது. 1991 முதல் என்பிசி தொலைக்காட்சியுடன் தனி ஒப்பந்தம் இருப்பதால் அதற்கு அது இயல்கிறது. ஆயினும் கொரோனா ஆண்டான 2020 இல், ஆட எதிரணிகள் கிடைக்கவேண்டி, ஒரு பருவத்துக்கு மட்டும் ஏசிசி கூட்டணியில் சேர்ந்து ஆடியது. பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 2011 முதல் தனித்திருந்து 2023 இல் பிக் 12 கூட்டணியில் சேர்ந்தது. ஒரு வேறுபாடு முதன்மையானது: அங்குக் கூட்டணிகள் உறுப்புப் பல்கலைக்கழகங்களுக்கே உரியவை. ஐஎஸ்எல்லில் சேர்ந்த கழகங்கள், தமக்குச் சொந்தமில்லாத ஒரு தொடரில் சேர்ந்தன.

2025 நெருக்கடி

இவ்வேறுபாட்டின் பொருள் 2025 இல் வெளிப்பட்டது. 2010 ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவதாக இருந்த நிலையில், புதுப்பிப்பு எட்டப்படாததால் சூலையில் ஐஎஸ்எல் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகத்தில் பெங்களூரு எஃப்சி வீரர்களின் ஊதியத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சி தன் கால்பந்துச் செயல்பாடுகளை இடைநிறுத்தியது. வணிக உரிமைக்காக விடப்பட்ட ஒப்பந்தப் புள்ளிக்கு நவம்பரில் ஒருவரும் முன்வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் 2026 பிப்ரவரி 14 அன்று, 14 கழகங்களுடன் சுருக்கப்பட்ட பருவம் தொடங்கியது.